இரண்டு வைரங்களுக்கு நடுவே ஒரு துகள்

ஆர்.டி.எக்ஸ். என்றாலே குண்டுவெடிப்புச் செய்திதான் நினைவுக்கு வரும். ஆய்வகத்தில் அது ஒரு வெள்ளைப் படிகம், அவ்வளவுதான். வெடிக்கும்போது அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தே பாய்கின்றன. மைக்ரோ விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். எது என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்க அங்கே அவகாசம் இல்லை. அதனால் ஆய்வாளர்கள் வெடிக்க விடாமல், இரண்டையும் தனித்தனியாக, நிதானமாக ஏற்றிப் பார்க்கிறார்கள்.

கருவியின் பெயர் வைரப் பட்டடைக் கலம். 1950களின் இறுதியில் வாஷிங்டனில் உருவானது, உள்ளங்கையில் அடங்கிவிடும். நுனி மழுக்கிய இரண்டு வைரங்கள் எதிரெதிரே நிற்கும். சுத்தியலின் அடி ஆணி முனையில் குவிவதுபோல, திருகாணியைக் கையால் முறுக்கும் சிறு விசை அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அந்த நுனியில் குவிகிறது. வைரம் ஒளியை ஊடுருவ விடுவதால் உள்ளே நடப்பதைப் பார்க்கவும் முடியும்.

முதல் வேலை கேஸ்கெட். மெல்லிய எஃகுத் தகட்டை வைரங்களுக்கு இடையே வைத்து அழுத்திப் பள்ளம் பதிக்க வேண்டும். பிறகு பள்ளத்தின் நட்ட நடுவில் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்துக்குத் துளை. துளை கொஞ்சம் ஓரம் தள்ளினாலும் அழுத்தம் ஏறும்போது பக்கவாட்டில் நகரும். வைரம் உடையும் அபாயமும் உண்டு. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்திலேயே தோற்றுப்போகிறார்கள்.

அடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தபடி ஊசிமுனையால் படிகத்தைத் துளைக்குள் இறக்க வேண்டும். 50 மைக்ரான் அளவுள்ள துகளின் எடை ஒரு மைக்ரோகிராமில் கால் பங்குகூட வராது, சிதைந்தாலும் ஆபத்தில்லை. பக்கத்தில் ஒரு மாணிக்கத் துணுக்கு. மிச்ச இடத்தை மெத்தனாலும் எத்தனாலும் 4:1 விகிதத்தில் கலந்த திரவம் நிரப்பும். சுமார் 10 கிகாபாஸ்கல் வரை அது எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும். ஒரு கிகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம். எடுத்துக்கொண்ட படிகம் இந்தத் திரவத்தில் கரையுமென்றால் ஆர்கான் போன்ற வேறு ஊடகத்துக்குப் போக வேண்டும்.

திருகாணிகளைச் சிறிது சிறிதாக, சமமாக முறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அழுத்தத்தைச் சொல்வது மாணிக்கம்தான். லேசர் பட்டதும் 694.2 நானோமீட்டரில் சிவந்து ஒளிரும். ஒவ்வொரு கிகாபாஸ்கலுக்கும் அந்தக் கோடு சுமார் 0.365 நானோமீட்டர் நகரும்.

படிகத்தைப் படிப்பது ராமன் நிறமாலை, திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் அறிவித்த அதே விளைவு. தொல்லை என்னவென்றால், வைரத்துக்கும் 1332 செ.மீ.⁻¹ என்ற இடத்தில் பலத்த சொந்தக் கோடு உண்டு. அதன் அருகே விழும் படிகக் கோடுகளை அது மறைத்துவிடும். சுமார் 4 கிகாபாஸ்கலில் சில கோடுகள் சட்டென்று பிரியும். ஆர்.டி.எக்ஸின் வழக்கமான ஆல்ஃபா வடிவம் காமா என்ற வடிவமாக மாறிவிட்டதன் அடையாளம் அது: மூலக்கூறுகள் அதே, அடுக்கும் வளைவும் வேறு.

இனி வெப்பம். கலத்தைச் சுற்றிய மின்சூடேற்றி மெதுவாக ஏற்றும். இங்கே மாணிக்கம் ஏமாற்றும். சூட்டிலும் அதன் கோடு நகரும், 50 டிகிரி ஏறினால் ஒரு கிகாபாஸ்கல் கூடியதுபோலக் காட்டும். வெப்பத்துக்கு அதிகம் அசையாத, சமாரியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் போரேட்டைச் சேர்த்து வைப்பது நல்லது. அழுத்தமும் சூடும் கூடிய நிலையில் தோன்றும் வடிவத்தைப் பல காலம் பீட்டா என்றே நம்பினார்கள். எடின்பரோ பல்கலைக்கழகக் குழு 2010இல் அதன் அமைப்பைக் கண்டறிந்த பிறகுதான் அது வேறு என்று உறுதியாகி எப்சிலான் ஆயிற்று. இன்னும் சூடேற்றினால் துகள் கருத்து, வாயு கக்கிச் சிதையும்.

எச்.எம்.எக்ஸ். என்ற உறவுக்காரப் படிகத்தில் விஷயம் இன்னும் கூர்மையானது. சாதாரண அழுத்தத்தில் 160 டிகிரியைத் தாண்டியதும் அது பீட்டாவிலிருந்து டெல்ட்டாவாக மாறி 7 சதவீத அளவுக்கு உப்புகிறது. டெல்ட்டா அடிபட்டால் எளிதில் வெடிக்கும். உப்புவதை அழுத்தம் தடுப்பதால், இறுக்கி வைத்த படிகம் மாற இன்னும் அதிகச் சூடு வேண்டும். கிடங்கில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்று கணிப்பவர்களுக்கு இந்த எண்கள்தான் தேவை.

கடைசியில் திருகாணிகளைத் தளர்த்த வேண்டும். படிகம் சிதையாமல் காமா நிலையில் இருந்தால், அழுத்தம் இறங்கும்போது அது ஆல்ஃபாவுக்கே திரும்பிவிடும். காமாவை வெளியே எடுத்துச் சோதிக்க வழியில்லை. பார்க்க வேண்டியதை எல்லாம் திருகாணியைத் தொடுவதற்கு முன்பே பதிவுசெய்துவிட வேண்டும்.