உடன்வரும் சக்கரங்கள்

நுழையும்முன்

மிதிவண்டி இளமைக்குரிய ஊர்தி என்றே பலரும் கருதுகின்றனர். பள்ளிப் பருவத்தில் தொடங்கும் அதன் துணை, பணி ஓய்வோடு முடிந்துவிடுகிறது. ஆனால், நண்பரோடும் குடும்பத்தாரோடும் மிதிக்கும்போது அதே வண்டி முதுமையில் உடலுக்கு வலிமையும் உள்ளத்திற்கு மகிழ்வும் தருகிறது. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி வீட்டு வாசலுக்கு வந்து சேரும் நாளில், அதனை ஆவலோடு தொட்டுப் பார்ப்பவர்களுள் தாத்தாவோ பாட்டியோ ஒருவராக இருப்பார். கைப்பிடியைத் தடவுவார், மணியை ஒருமுறை ஒலிப்பார், சக்கரத்தில் காற்று போதுமா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். 'ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன்' என்று அவர் கேட்டால், வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே குரலில் 'வேண்டாம்' என்பர். அச்சொல்லில் அன்பு உண்டு, அச்சமும் உண்டு. கால்கள் ஓய்ந்ததனால் மிதிவண்டியை விட்டவர் சிலர். 'விழுந்துவிடுவீர்கள்' என்று பிறர் தடுத்ததனால் விட்டவர் பலர்.

அவ்வாறு விட்டவர் இழப்பது வண்டியை மட்டுமன்று. கடைத்தெருவுக்கும் நூலகத்திற்கும் நண்பர் வீட்டிற்கும் பிறரை எதிர்பாராமல் சென்றுவரும் உரிமையையும் இழக்கின்றனர். வழியில் நின்று நலம் கேட்கும் நால்வரின் முகங்களும் மெல்ல மெல்ல அவர்களை விட்டு விலகுகின்றன. முதுமையின் தனிமை பெரும்பாலும் இத்தகைய சிறு இழப்புகளிலிருந்தே தொடங்குகிறது.

கற்க வயது தடையன்று

உருசிய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் மிதிவண்டி ஓட்டக் கற்றது 1895ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 67. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான், ஏழு வயது நிரம்பாத தம் இளைய மகனை அவர் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். உலகம் போற்றும் எழுத்தாளர், நரைத்த தாடியுடன், தடுமாறித் தடுமாறி ஒரு புதிய கலையைக் கற்றார். அவருடைய மிதிவண்டி மாஸ்கோவில் அவர் வாழ்ந்த இல்லத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. துயரம் சூழ்ந்த முதுமையிலும் மனம் புதியதொன்றை நாட முடியும் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

> தெரியுமா?
> பிரான்சு நாட்டைச் சேர்ந்த இராபர்ட் மார்ஷான் 1911ஆம் ஆண்டில் பிறந்தவர். 2017ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், தம் 105ஆம் வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் தொலைவை மிதிவண்டியில் கடந்தார்.

பேசும் வேகமே ஏற்ற வேகம்

அகவை அறுபத்தைந்தைக் கடந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. மிதமான உழைப்பு எது என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. எளிய வழி ஒன்று உண்டு. அந்நிலையில் ஒருவரால் பேச முடியும், பாட முடியாது. மூச்சு வாங்கிப் பேச்சே எழாவிட்டால் உழைப்பு மிகுந்துவிட்டது என்று பொருள்.

இதனை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நண்பர் இருவர் அருகருகே உரையாடிக்கொண்டு மிதிக்கும் வேகமே அவர்களுடைய உடலுக்கு ஏற்ற வேகமாக அமைந்துவிடுகிறது. தனியே செல்பவர் தம்மை அறியாமல் விரைந்துவிடலாம். அல்லது பாதியிலேயே சலித்துத் திரும்பிவிடலாம். துணையோடு செல்பவரின் வேகத்தை உரையாடல் நெறிப்படுத்துகிறது.

மூட்டுவலியால் நெடுந்தொலைவு நடக்க இயலாதோர் சிலருக்கும் மிதிவண்டி கைகொடுக்கிறது. நடக்கும்போது உடலின் எடையை முழங்கால்கள் தாங்குகின்றன. மிதிக்கும்போது அதன் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்கிறது. மூட்டிலுள்ள குருத்தெலும்பில் குருதிக் குழாய்கள் இல்லை. அதற்குத் தேவையான ஊட்டம் மூட்டுநீரின் வழியே கிடைக்கிறது. மூட்டு அசையும்போதுதான் அந்நீர் நன்கு பரவுகிறது. எனவே, வலிக்கு அஞ்சி முற்றிலும் அசையாதிருப்பது மூட்டுக்கு நன்மை தராது.

நண்பரோடு ஒரு வைகறை

கதிரவன் எழுமுன் கண்மாய்க் கரையில் நான்கைந்து முதியவர்கள் மிதிவண்டிகளில் செல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குள் போட்டி இல்லை. முன்னே செல்பவர் மேட்டின் உச்சியில் நின்று பின்னே வருபவருக்காகக் காத்திருக்கிறார். ஒருவரின் சங்கிலி கழன்றால் மற்றவர் இறங்கி மாட்டித் தருகிறார். நெற்கதிரின் நிறம், நீர்மட்டத்தின் உயரம், பேரனின் தேர்வு, மறைந்த நண்பரின் நினைவு என எல்லாம் பேச்சில் வந்து போகின்றன. தேநீர்க் கடையின் நீளப்பலகையில் அமர்ந்து அவர்கள் பருகும் தேநீரில் உழைத்த உடலின் இன்பம் கலந்திருக்கிறது. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் மற்றவர்களின் வண்டிகள் அவர் வீட்டு வாசலில் நிற்கும். முதுமையில் இதனினும் சிறந்த காப்பு வேறு யாது?

பாட்டியின் மிதிவண்டி

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அளித்த ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் பெருந்திரளாகக் கற்றனர். வேளாண் கூலியர், கல்லுடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பலரும் ஊராரின் கேலியைப் பொருட்படுத்தாமல் மிதித்தனர். பெண்களுக்கான வண்டிகள் கிடைக்காதபோது ஆண்களுக்கான வண்டிகளையே ஓட்டினர். குழந்தையை முன்கம்பியில் அமர்த்திச் செல்ல அவை வசதியாகவும் இருந்தன.

அன்று முப்பது வயதில் மிதித்தவர் இன்று அறுபதைக் கடந்த பாட்டி. முன்கம்பியில் அமர்ந்து சென்ற குழந்தைக்கும் இன்று குழந்தைகள் உண்டு. அப்பாட்டியும் பேத்தியும் ஒரு மாலையில் இரு வண்டிகளில் அருகருகே செல்வார்களாயின், ஓர் ஊரின் வரலாறே உடன் செல்கிறது எனலாம். வீட்டில் கேட்டுப் பெற முடியாத கதைகள் அத்தகைய வழிகளில் தாமாகவே வெளிப்படும். முகத்தை முகம் நோக்காமல், ஒரே திசை நோக்கிச் செல்லும்போது, சொல்லத் தயங்கிய சொற்களுக்கும் வழி பிறக்கிறது.

அச்சமும் அறிவும்

விழுந்துவிடுவோம் என்னும் அச்சம் பொய்யன்று. முதுமையில் எலும்பு முறிந்தால் கூடுவதற்கு நாள் பிடிக்கும். எனவே, மருத்துவரின் அறிவுரை பெற்றே தொடங்க வேண்டும். குறுக்குக் கம்பியில்லாத தாழ்ந்த சட்டமுடைய வண்டி ஏறி இறங்க எளியது. தொடக்கத்தில், அமர்ந்தபடியே கால் தரையில் படும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்திக்கொள்ளலாம். சமநிலை குன்றியவர்க்கு மூன்று சக்கர வண்டி உண்டு. பார்வை குன்றியவர், இருவர் மிதிக்கும் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து மிதிக்கலாம். தலைக்கவசம் அனைவர்க்கும் தேவை. மிதிப்பதனால் எலும்பின் உறுதி பெரிதும் கூடுவதில்லை. ஆகவே, இயன்றவர் சிறிது நடத்தலும் வேண்டும்.

தனிமனிதரின் கவனம் மட்டும் போதாது. சாலையும் துணைநிற்க வேண்டும். நெதர்லாந்து நாட்டில் முதியோர் மிதிவண்டியில் செல்வது அன்றாடக் காட்சி. அந்நிலை தானே அமைந்துவிடவில்லை. 1971ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தோருள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். பின்னர் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் பெருகின. குழந்தைகளுக்காகக் கேட்ட பாதை முதியவர்களுக்கும் பயன்பட்டது.

மிதிக்கவே இயலாதோர்க்கும் வழியுண்டு. 2012ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஓலே காசோ என்பவர், முதியோர் இல்லத்தில் வாழ்ந்தோரை மூன்று சக்கர வண்டியில் அமர்த்தி நகரைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். பயணிகளின் இருக்கை முன்புறம் அமைந்த வண்டி அது. மிதிப்பவர் பின்னிருந்து அவர்களோடு உரையாடிக்கொண்டே செல்வார். தன்னார்வலர்களால் இம்முயற்சி பல நாடுகளுக்கும் பரவியுள்ளது.

உடன் செல்வோம்

இளையோர் முதியோருக்குத் தரத்தக்க கொடைகளுள் அரியது, அவர்களின் வேகத்தில் உடன் செல்வது. மணிக்கு இருபது கிலோமீட்டர் செல்ல வல்ல கால்கள், தாத்தாவுக்காக எட்டு கிலோமீட்டர் வேகத்தில் செல்லுமாயின், அங்கு இழக்கப்படுவது சில நிமிடங்களே. 'வேண்டாம்' என்று தடுக்கும் அதே அன்பு, 'நானும் உடன் வருகிறேன்' என்று சொல்லவும் வல்லது. இன்று மாலை அந்தப் பழைய வண்டியின் தூசியைத் துடைத்துச் சக்கரங்களுக்குக் காற்றடைத்து வையுங்கள். மணியோசை கேட்டதும் திண்ணையிலிருந்து எழுந்து வருபவர் யார் என்பதை நீங்களே காண்பீர்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் அவர் மிதிவண்டி ஓட்டக் கற்ற நிகழ்வைக் கேட்டு, ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊரில் முதியோர் அச்சமின்றி மிதிவண்டியில் செல்லத் தேவையான வசதிகளைப் பட்டியலிட்டு, உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.