எண்ணம் எழும் தடம்

ஓர் எண்ணம் உள்ளத்தில் எழும்போது அதனை நாமே வரவழைத்ததாகக் கருதுகிறோம். உண்மையில், முன்னொருகால் அதனோடு சேர்ந்து வந்த ஏதோ ஒன்றே பெரும்பாலும் அதனைக் கைப்பிடித்து அழைத்து வருகிறது.

ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் பவ்லோவின் நாயை அறிவர். ரஷ்ய உடலியலாளரான அவர், உணவு கொடுக்குமுன் ஓர் ஓசையை எழுப்பிவந்தார். நாளடைவில் ஓசை கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது. உணவின்றி ஓசையை மட்டும் பலமுறை எழுப்பவே சுரப்பு நின்றது. சிறிது ஓய்வின் பின் அதே ஓசையை எழுப்பியபோது மீண்டும் சுரந்தது! பரீட்சைக்குப் படிப்போர் இந்த இறுதிப் பகுதியை மறந்துவிடுவர். எனக்கோ இதுவே முக்கியமாகப் படுகிறது. தொடர்பு அடங்கிக் கிடக்குமேயன்றி எளிதில் அழிவதில்லை. போர்க்காலத்தில் வளர்ந்த எம்மவர்க்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஹெலிகொப்டர் ஓசை கேட்டால் இன்றும் எனக்குப் பதுங்குகுழியின் ஈரமண் மணம் நினைவில் எழும். என் மாணவரோ யன்னலோரம் ஓடிச்சென்று கையசைக்கின்றனர்.

ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, 1879 இல் அதன் முடிவை வெளியிட்டார். 75 சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உடன் எழுந்த எண்ணங்களைக் குறித்தார். நான்கு முறை செய்ததில் 505 எண்ணங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றுக்கொன்று வேறானவை 289 மட்டுமே. தம் மனம் பழகிய தடத்திலேயே திரும்பத் திரும்ப நடப்பதை அவர் கண்டார். மூலம் அறிய முடிந்தவற்றில் ஐந்தில் இரண்டு பங்களவு இளமைப் பருவத்தைச் சேர்ந்தவை.

இம்முறையை என் வகுப்பிலும் கையாண்டேன். கரும்பலகையில் ‘முல்லை’ என்று எழுதி, மனத்தில் எழுவதைக் கேட்டேன். பூ, மாலை, வாசம் என்றனர் பலர். ஒரு மாணவன் ‘முல்லைத்தீவு’ என்றான். அகமரபில் முல்லையின் உரிப்பொருளான இருத்தலை ஒருவரும் கூறவில்லை. கூறாததில் வியப்பில்லை. கார்காலம், மாலைப்பொழுது, பிரிந்தவன் வரவை எதிர்நோக்கும் தலைவி ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லோடு ஒருங்கே எழ, சங்கப் பாடல்களோடு நீண்ட பழக்கம் வேண்டும். புலவர் சொல்லாமல் விட்டதை நாம் எண்ணிக்கொள்வது அப்பழக்கத்தாலேயே.

அம்மாணவனின் விடையை நான் அழிக்கவில்லை. 2009 இல் போர் முடிந்தபின்னும், திரும்பி வராதவரை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் அம்மாவட்டத்தில் உள்ளன. அடுத்த பாடவேளையில் ‘இருத்தல்’ என்பதை அச்சொல்லின் அருகிலேயே எழுதினேன்.