அச்சுப்பொறியிலிருந்து ஓர் இயந்திரத் தச்சன்

எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எழுந்த நாள்முதல் வடசென்னைக்குக் கடைசல் இயந்திரம் புதிதன்று. ஆயின், கணினி ஆணைப்படி தானே இயங்கும் சி.என்.சி. இயந்திரம் ஆலைச் சுவருக்குள் இருப்பது, நமக்கு எட்டாதது என்றே எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரிதானா?

1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எண்களால் இயங்கும் வெட்டு இயந்திரம் இயக்கிக் காட்டப்பட்டது. தத்துவம் எளியது: உளி செல்லவேண்டிய இடத்தை எண்ணால் சொன்னால், மோட்டார் அங்கே கொண்டுசெல்லும்.

பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியும் இதையே செய்கிறது. ஒரு மோட்டார் அச்சுத்தலையை இடவலமாக நகர்த்தும். மற்றொன்று காகிதத்தை முன்தள்ளும். இரண்டும் பெரும்பாலும் ‘ஸ்டெப்பர்’ மோட்டார்களே. ஒரு மின்துடிப்புக்கு 1.8 பாகை திரும்பும் மோட்டார், 200 துடிப்பில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றும். அதனுடன் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்த்தும் திருகுதண்டைப் பூட்டினால், ஒரு துடிப்புக்கு 0.01 மி.மீ. நகர்வு! காகித உருளைக்குப் பதில் ஒரு பலகையை முன்பின்னாக நகர்த்தலாம். பேனாவையோ சிறு துளைப்பானையோ ஏற்றி இறக்க மூன்றாவது மோட்டார் வேண்டும். அர்டுயினோ பலகையும், அதில் ஏற்றும் ஜி.ஆர்.பி.எல். என்னும் இலவச மென்பொருளும் இதன் மூளை. மோட்டார்களை ஓட்டும் சிறு மின்சுற்றுகள் இதன் நரம்பு.

இரும்பை இது வெட்டாது. சட்டம் வளையும், மோட்டார் துடிப்பைத் தவறவிடும், தவறவிட்டதை அறியவும் அறியாது. படம் வரையவும் மென்மரம் செதுக்கவும் போதும். பிரிக்குமுன் மின் இணைப்பைத் துண்டிக்கவேண்டும். அதன் பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் மிச்சமிருக்கும், எச்சரிக்கை!

ஆலை வாயிலில் வேலை கேட்டு நிற்கும் மாணவனுக்கு அவ்வியந்திரத்தின் உள்ளம் முன்னரே தெரிந்திருந்தால், அதுவே பெருந்தகுதியன்றோ? எடைக்குப் போகும் அச்சுப்பொறியை ஒருமுறை திறந்து பார்ப்போம்!