கடைமடைக்கும் எழுத்து பாயட்டும்

கல்லணையில் நீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் தலைமடைக்காரர் ஏரைப் பூட்டுகிறார். கடைமடைக்காரரோ மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கப் புறப்படுகிறார். கல்லணைக் கால்வாய் ஏறக்குறைய 148 கிலோமீட்டர் ஓடிவந்து, புதுக்கோட்டைச் சீமையின் தென்கிழக்கு மூலையில் மும்பாலை ஏரியோடு முடிகிறது. அணையில் நீர் நிறைந்திருப்பது வேறு, நம் வயலில் நீர் பாய்வது வேறு என்பதை அப்பகுதி விவசாயிக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இடையே வாய்க்கால் தூர்ந்திருந்தால் அணை நிறைந்தும் பயனில்லை.

இன்று எழுத்தறிவு விஷயத்திலும் நிலைமை இதுவே. குழந்தைகள் படிப்பதற்கான கதை நூல்களும், ஆசிரியர்களுக்கு உதவும் பாடங்களும், பெற்றோருக்குரிய வழிகாட்டிகளும் இணையத்தில் ஏராளமாகத் தேங்கி நிற்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் அவை கடைமடையில் உள்ள குழந்தையின் கண்ணுக்கும் நாவுக்கும் வந்து சேர்கின்றனவா? இக்கேள்வியை மனத்திற்கொண்டு, கோட்டைப்பட்டினத்துக்கும் மீமிசலுக்கும் இடையே கடலோரத்தில் அமைந்துள்ள ஜெகதாப்பட்டினத்தை நோக்கி நம் அங்கத்தினர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

கடலுக்குச் செல்லும் கைபேசி

ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் நிறைந்த மீன்பிடித் தளம். படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குச் செல்வது அங்கு வழக்கம். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு உரியவை. வீட்டில் நல்ல கைபேசி ஒன்றே இருக்குமாயின் அது பெரும்பாலும் தந்தையின் சட்டைப்பையில்தான் இருக்கும். காற்றின் நிலை அறியவும் மீன் விலை கேட்கவும் அவருக்கு அது வேண்டும். படகு புறப்படும்போது கைபேசியும் புறப்பட்டுவிடுகிறது. அதனுள் எத்தனை ஆயிரம் கதைகள் இருந்தாலும் கரையில் இருக்கும் குழந்தைக்கு அன்று அவை எட்டாக்கனியே.

இந்த உண்மையை நோய்த்தொற்றுக் காலம் நமக்கு நன்கு உணர்த்தியது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதியில்தான் திறக்கப்பட்டன. கைபேசியும் இணையத் தொடர்பும் உடைய இல்லங்களில் ஏதோ ஒருவாறு பாடம் நடந்தது. அவை இல்லாத இல்லங்களில் முதல் வகுப்புக் குழந்தை அகர வரிசையைக் கூட முழுமையாக அறியாமலே மூன்றாம் வகுப்பை நெருங்கியது. அந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குழந்தைகளைத் தங்கள் தெருவிலேயே கூட்டிவைத்துக் கற்பித்தனர். அதையடுத்து 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கென 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது.

எழுத்தறிவு எதற்கு என்று கேட்போர் இக்காலத்திலும் உண்டு. ஜெகதாப்பட்டினத்து மீனவர்கள் இலங்கைக் கடற்படையினரால் சிறைப்பிடிக்கப்பட்டனர் என்ற செய்தியை நாளிதழ்களில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். அத்தகைய நாளில் மனு எழுத வேண்டியவர் யார்? வந்த கடிதத்தைப் படித்துப் பொருள் கூற வேண்டியவர் யார்? கரையில் இருக்கும் தாயும் மகளுமே அல்லவா? நெசவாளர் சங்கத்தில் கூலிக் கணக்கைச் சரிபார்ப்பதற்கும், கடன் சங்கத்தில் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதற்கும் வேண்டுவது இதே எழுத்தறிவுதான். படிக்கத் தெரியாத அங்கத்தினர் தம் சங்கத்திலேயே பாதி அங்கத்தினராகத்தான் இருக்க முடியும்.

மிதிவண்டி கற்பித்த பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சித் தலைவர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்க வேண்டும் என்று ஊக்குவித்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் மிதிவண்டியில் ஏறினர். பொது இடங்களில் நடந்த மிதிவண்டிக் காட்சிகளிலும் போட்டிகளிலும் மட்டும் 70,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்குகொண்டனர் என்று பத்திரிகையாளர் திரு. பி. சாய்நாத் எழுதியுள்ளார்.

அவர் குறித்துள்ள மற்றொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. பெண்களுக்கான மிதிவண்டிகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் ஆண்களுக்கான வண்டிகளையே எடுத்துக்கொண்டனர். சிலருக்கு அதுவே பிடித்தும் போயிற்று. ஏனெனில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள குறுக்குக் கம்பியில் ஒரு குழந்தையை உட்காரவைக்கலாமே!

ஆடவருக்கென்று செய்யப்பட்ட வண்டியைத் தம் குழந்தைக்கு இருக்கையாக்கிக்கொண்ட அந்தத் தாய்மார்களின் அறிவே இன்று நமக்கு வேண்டுவது. மீன் விலைக்காகவும், நெல் விலைக்காகவும், பாவு நூலின் விலைக்காகவும் வாங்கிய கைபேசியில் குழந்தைக்கும் ஓர் இடம் ஒதுக்கித் தர வேண்டும். மிதிவண்டி தானாக எவரையும் கற்றவராக்கிவிடவில்லை. ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடி, ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள மற்றவர் மிதித்ததனால்தான் பயன் விளைந்தது. கைபேசிக்கும் இவ்விதி பொருந்தும்.

என்னென்ன இருக்கின்றன?

நெசவாளர்களாகிய நம் அங்கத்தினர்கள் கேட்டு மகிழத்தக்க பெயருடையது ஒன்று. 'ஸ்டோரிவீவர்' என்பது அதன் பெயர். கதை நெய்பவர் என்பது அதன் பொருள். குழந்தை நூல் வெளியிடும் 'பிரதம் புக்ஸ்' என்னும் நிறுவனம் 2015இல் இதைத் தொடங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இங்கே உள்ளன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தை முதல் தானே சரளமாகப் படிக்கும் குழந்தை வரை நான்கு நிலைகளாக அவை வகுக்கப்பட்டுள்ளன. இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாத வேளையிலும் படிக்கலாம். அச்சிட்டும் கொடுக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டுவிட்டு, எவரும் அக்கதைகளை வேறு மொழியில் பெயர்க்கலாம் என்று திறந்த உரிமை வழங்கியிருக்கிறார்கள். ஒருவர் நூற்ற நூலில் மற்றொருவர் நெய்யும் இம்முறையைக் கூட்டுறவு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய 'வாசிப்பு இயக்கம்' மற்றொன்று. இதற்கென ஆக்கப்பட்ட சிறு நூல்கள் 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என நான்கு படிகளில் அமைந்துள்ளன. இப்பெயர்களே ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம். ஐந்தாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக் கூட்டத் தடுமாறும் குழந்தைக்கு ஐந்தாம் வகுப்பு நூலைக் கொடுத்து அதட்டுவதில் பயனில்லை. அதற்கு 'நுழை' நூலைக் கொடுத்துப் படியேற்ற வேண்டும். நடக்கத் தெரியாத பிள்ளையை எவரும் ஓடச் சொல்வதில்லை அல்லவா?

ஆசிரியர்களுக்கு, 2017இல் தொடங்கிய 'திக்ஷா' தளம் பெரிதும் பயன்படும். 2018 முதல் வெளிவந்த நம் பாடநூல்களில் பக்க ஓரத்தில் கறுப்புச் சதுரமாகக் காணப்படும் கியூ.ஆர். குறியீட்டைப் பலரும் அழகுக்கென்று நினைத்திருக்கக்கூடும். கைபேசியை அதற்கு நேரே காட்டினால் அப்பாடத்துக்குரிய ஒளிப்படமோ பயிற்சியோ திறக்கும். 2019இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியோ கைபேசி இல்லாத வீட்டுக்கும் எட்டக்கூடியது.

பழைய நூல்களை நாடுவோருக்கு 1998 முதல் இயங்கிவரும் 'மதுரைத் திட்டம்' உண்டு. உலகின் பல பகுதிகளிலுமுள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிச் சேர்த்த செல்வம் அது. 2001இல் தொடங்கப்பெற்று இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் தாங்கும் அரசு நிறுவனம், வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகளை மனத்திற்கொண்டு அடிப்படைத் தமிழ்ப் பாடங்களை இணையத்தில் வைத்தது. கடல் கடந்த குழந்தைக்கென ஆக்கிய பாடம் நம் கடற்கரைக் குழந்தைக்கும் உதவுவதில் தடையென்ன?

அறுபத்தொரு நாட்கள்

இனி, வாய்க்காலைப் பற்றிப் பேசுவோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விதிக்கப்படும் தடை இது. அந்நாட்களில் படகுகள் கரையில் நிற்கும். வலைகள் செப்பனிடப்படும். மரம் மாற்றுதலும் வர்ணம் பூசுதலும் நடைபெறும். வருவாய் குறையும் காலம் அது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் அதே நாட்களில்தான் பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை வருகிறது. தந்தையும் வீட்டில் இருக்கிறார், குழந்தையும் வீட்டில் இருக்கிறது, கைபேசியும் கடலுக்குப் போகாமல் கரையில் இருக்கிறது! மூன்றும் ஒன்றுகூடும் காலம் ஆண்டில் வேறு எது?

விடுமுறையில் ஏட்டைத் தொடாத குழந்தை, கற்ற எழுத்திலும் பாதியை மறந்து பள்ளிக்குத் திரும்புவதை ஆசிரியர் யாவரும் அறிவர். நாளொன்றுக்கு அரைமணி நேரம், ஒரே ஒரு கதை என்று வைத்துக்கொண்டாலும் தடைக்காலம் முடிவதற்குள் அறுபது கதைகள் ஆகின்றன. நெசவாளர் இல்லங்களில் தறி ஓயும் மாலை வேளையும், விவசாயிகள் இல்லங்களில் அறுவடை முடிந்த கோடையும் இதற்கு ஏற்றவை.

எவ்வாறு தொடங்குவது? முதலாவதாக, கதைகளை முன்னதாகவே கைபேசியில் இறக்கிவைத்து, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பின்னர் குழந்தையிடம் கொடுக்க வேண்டும். இல்லாவிடில் கதையில் தொடங்கிய விரல் விளையாட்டிலும் விளம்பரத்திலும் போய் முடியும். இரண்டாவதாக, குழந்தை மனத்துக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூன்றாவதாக, பெரியவர் ஒருவர் அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தமக்கே படிக்கத் தெரியாதே என்று தாய்மார் தயங்க வேண்டா. படம் என்ன சொல்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை. குழந்தை தடுக்கிப் படிப்பதும் தடையின்றிப் படிப்பதும் காதுக்கே தெரிந்துவிடும். படித்த கதையைக் குழந்தை தன் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லுமாயின் அதற்குப் பொருள் விளங்கிற்று என்று கொள்ளலாம். இவ்வாறு கேட்டுக்கேட்டே தாமும் எழுத்தறியும் தாய்மார் உண்டு.

சங்கம் செய்ய வேண்டுவது

1844இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் கூட்டுறவுக்கு வித்திட்டவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். மாவும் சர்க்கரையும் விற்ற அந்தச் சிறு கடையின் மேல்தளத்தில் சில ஆண்டுகளிலேயே அவர்கள் படிப்பகம் ஒன்றை அமைத்தார்கள். பின்னர் உபரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினார்கள். நம் பக்கத்திலும் முன்மாதிரிக்குக் குறைவில்லை. 1931இல் மன்னார்குடியில் திரு. கனகசபைப் பிள்ளை அவர்கள் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலிடம் வர இயலாதவரை நாடி நூலே செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை.

அந்த மாட்டுவண்டியை இக்காலத்துக்கேற்ப ஓட்டுவது சங்கங்களுக்கு அரிய செயலன்று. சங்க அலுவலகத்தில் இணையத் தொடர்பும் அச்சுப்பொறியும் இருக்குமாயின், வாரத்தில் ஒரு மாலை அவற்றைக் குழந்தைகளுக்காகத் திறந்துவிடலாம். படிநிலைக்கேற்ற இருபது முப்பது கதைகளை அச்சிட்டுத் தைத்து, பாஸ் புத்தகத்தில் வரவு வைப்பது போலப் பதிவேட்டில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். அங்கத்தினர் கைபேசிகளில் கதைகளை இறக்கித் தரலாம். எந்தக் குழந்தைக்கு எந்தப் படி என்று பிரித்துக் காட்ட உள்ளூர் ஆசிரியரை அழைக்கலாம். படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் முன்வந்தால் ஒரு தெருவுக்குப் போதும்.

கைபேசியே இல்லாத அங்கத்தினர் வீடுகள் எவை என்பதைச் சங்கம் முதலில் கணக்கெடுக்க வேண்டும். அச்சிட்ட கதைகள் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும். தலைமடை வயல் இரண்டாம் தண்ணீர் பெறுமுன் கடைமடை வயல் முதல் தண்ணீர் பெறுவதே முறைப் பாசனத்தின் நீதி.

அணை நிறைந்திருக்கிறது. அதைக் கட்டியவர்கள் தம் கடமையைச் செய்துவிட்டார்கள். வாய்க்காலைத் தூர் வாருவது ஊராரின் வேலை. அதற்குக் குடிமராமத்து என்று நம் முன்னோர் பெயரிட்டிருந்தனர். வருகின்ற தடைக்காலத்தில் ஜெகதாப்பட்டினத்துக் கரையில், வலை பின்னும் தந்தையின் அருகில் அமர்ந்து ஒரு சிறுமி வாய்விட்டுக் கதை படிக்கும் ஒலி கேட்குமாயின், நீர் கடைமடைக்கு வந்துவிட்டது என்று நாம் அறிந்துகொள்ளலாம். அதற்கு வேண்டிய மண்வெட்டியை நம் அங்கத்தினர்கள் இன்றே எடுப்பார்களாக!