சராசரிக்குள் மறைந்த குழந்தைகள்

கென்யத் தலைநகர் நைரோபியில் உள்ள கிபேரா, ஆப்பிரிக்காவிலேயே பெரிய குடிசைப்பகுதி என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்தது. அங்கே பத்து லட்சம் பேர் வாழ்வதாகச் செய்தியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் எழுதினார்கள். 2009-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த எண்ணிக்கையோ 1,70,070. கணக்கில் விடுபட்டவர்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், இந்த இடைவெளி மலைக்க வைப்பது.

ஆட்களின் எண்ணிக்கை தவறினால், அதை வைத்துப் போடும் எல்லாக் கணக்கும் தவறும். ஒரு பகுதியில் ஆண்டுக்கு 200 குழந்தைகள் இறக்கிறார்கள் என்றால், அது பேரிழப்பா, நாடு முழுவதும் உள்ள நிலைதானா? அங்கே மொத்தம் எத்தனை குழந்தைகள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. தடுப்பூசி எவ்வளவு அனுப்புவது, மகப்பேறு மருத்துவமனை எங்கே கட்டுவது என்பதெல்லாம் இந்த வகுக்கும் எண்ணைப் பொறுத்தவை.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சராசரி ஏமாற்றும். 1990-களின் இறுதியில் கென்யாவில் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, நைரோபியில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 62 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். கிராமப்புறங்களில் அது 113. பார்ப்பவர்களுக்கு, நகரத்தில் பிறப்பதே பாதுகாப்பு என்று தோன்றும். நைரோபியில் இயங்கும் ஆப்பிரிக்க மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆராய்ச்சி மையம், 2000-ஆம் ஆண்டில் அந்நகரின் குடிசைப்பகுதிகளை மட்டும் தனியாக ஆராய்ந்தது. அங்கே இறப்பு ஆயிரத்துக்கு 151. வசதியானவர்களின் குழந்தைகளோடு சேர்த்துக் கூட்டி வகுத்ததில், கிராமத்தைவிட மோசமான அந்த நிலை நகரச் சராசரிக்குள் காணாமல் போயிருந்தது.

அந்த ஆய்வு ஒரு காலகட்டத்தின் நிலையை மட்டுமே காட்டியது. நிலைமை எப்படி மாறுகிறது, எந்த நோயால் யார் இறக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். வங்கதேசத்தின் மத்லப் வட்டாரத்தில் 1966 முதல் இப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் இந்த முறை வேரூன்றியது பெரும்பாலும் கிராமங்களில்தான். நைரோபி மையம் 2002-இல் அதை நகரத்துக்குக் கொண்டுவந்தது. நைஜீரிய மக்கள்தொகையியலாளர் அலெக்ஸ் எசே அப்போது அதன் தலைவர். கொரோகோச்சோ, விவாந்தனி என்ற இரண்டு குடிசைப்பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கொரோகோச்சோவில் நெடுநாளாகக் குடியிருக்கும் குடும்பங்கள் அதிகம். தொழிற்பேட்டையை ஒட்டிய விவாந்தனியில் வேலை தேடி வந்த இளைஞர்கள் அதிகம். இரண்டிலும் சேர்த்துச் சுமார் 60,000 பேர்.

வேலை நடந்த விதம் எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. மண் சுவரும் தகரக் கூரையுமாக நெருக்கியடித்து நிற்கும் கட்டடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதிலுள்ள ஒவ்வொரு அறைக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண். நான்கு மாதத்துக்கு ஒரு முறை களப்பணியாளர் கதவைத் தட்டுவார். போன முறை இருந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்களா? புதிதாக யாராவது வந்தார்களா? குழந்தை பிறந்ததா? யாராவது இறந்தார்களா? வீடு பூட்டியிருந்தால் மாலையிலோ விடுமுறை நாளிலோ மறுபடி போக வேண்டும். தாய்க்குக் குழந்தை பிறந்த தேதி நினைவில்லை என்றால், தேர்தலுக்கு முன்பா பின்பா, பெருமழைக்கு முன்பா பின்பா என்று கேட்டுக் கேட்டு மாதத்தை நெருங்குவார்கள்.

இங்கே பெரிய சவால், ஆட்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது. ஓராண்டுக்குள் மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இடம் மாறிவிடுவார். வேலை போனால், வாடகை ஏறினால், ஊரில் விதைப்பு தொடங்கினால் கிளம்பிவிடுவார்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை தலை எண்ணும் கணக்கெடுப்பால் இந்த ஓட்டத்தைப் பிடிக்க முடியாது. அதற்கு மக்கள்தொகையியலில் ஒரு வழி உண்டு. ஆளை எண்ணுவதற்குப் பதில், அவர் அங்கே வாழ்ந்த காலத்தை எண்ணுவது. ஆண்டு முழுதும் இருந்தவர் ஓர் ஆள்-ஆண்டு. நான்கு மாதம் இருந்துவிட்டுப் போனவர் மூன்றில் ஒரு பங்கு ஆள்-ஆண்டு. மொத்த ஆள்-ஆண்டுகளால் இறப்புகளை வகுத்தால், வந்து போகிறவர்களையும் விட்டுவிடாத இறப்பு விகிதம் கிடைக்கும். இதற்குத்தான் வந்த தேதியும் போன தேதியும் அவ்வளவு முக்கியம்.

இறப்புக் காரணத்தை அறிவது அடுத்த சிக்கல். வீட்டில் இறந்த பலருக்கு மருத்துவச் சான்றிதழ் கிடையாது. துக்கம் சற்று ஆறிய பிறகு, பயிற்சி பெற்ற ஒருவர் உறவினரிடம் உட்கார்ந்து விசாரிப்பார். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? இருமலில் ரத்தம் வந்ததா? குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது மார்பு உள்வாங்கியதா? வாய்மொழி உடற்கூறாய்வு எனப்படும் இந்த முறையில், அந்தப் பதில்களை மருத்துவர்கள் படித்து இறப்புக்கான காரணத்தை முடிவுசெய்கிறார்கள். ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் பயஸ் இதற்காகவே ‘இண்டர்விஏ’ என்ற கணினி நிரலை உருவாக்கினார். ஒவ்வொரு அறிகுறிக்கும் எந்த நோய் எவ்வளவு சாத்தியம் என்று அது கணக்கிடும். நைரோபித் தரவுகளிலேயே மருத்துவர்களின் முடிவையும் நிரலின் முடிவையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இப்படித் திரட்டியதிலிருந்து வந்த செய்திகள் நெஞ்சை உலுக்குபவை. முதல் சில ஆண்டுகளில், ஐந்து வயதைத் தாண்டியோரின் உயிரிழப்புச் சுமையில் ஏறத்தாழப் பாதிக்கு எய்ட்ஸும் காசநோயும் காரணம். சிறு குழந்தைகளை நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் பலிவாங்கின. 2003 முதல் 2005 வரையிலான பதிவுகளின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 706 தாய்மார்கள் இறந்தார்கள். கருக்கலைப்புச் சிக்கல்களும் ரத்தப்போக்கும் முக்கியக் காரணங்கள். தேர்ந்த மருத்துவமனைகள் உள்ள தலைநகரில், அவற்றிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நடந்தவை இவை.

அதே வீடுகளில் இன்னொன்றும் தெரிந்தது: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் சுமார் 2 சதவீதம்தான். அன்றாடக் கூலிக்குப் போகும் தாய் பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ள முடிவதில்லை. எலிசபெத் கிமானி-முராகே தலைமையிலான குழு, தாய்மார்களின் வீடுகளுக்கே தன்னார்வலர்களை அனுப்பி ஆலோசனை வழங்கியது. ஆலோசனை பெற்ற குழுவில் அந்த விகிதம் பாதிக்கு மேல் உயர்ந்தது. ஒப்பீட்டுக்காக வழக்கமான சேவையோடு விட்டிருந்த குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு உயர்ந்ததுதான் வியப்பு! அங்கும் சமூகச் சுகாதாரத் தன்னார்வலர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வீட்டு வாசலுக்குப் போய்ப் பேசுகிற சாதாரணச் சேவையே எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது ஒரு தடயம்.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. நோய் முற்றியதும் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நேரும் மரணம் நகரக் கணக்கில், ‘இடம்பெயர்ந்தார்’ என்று மட்டும் பதிவாகக்கூடும். இதே முறையில் கணக்கெடுத்த தென்னாப்பிரிக்காவின் அகின்கோர்ட் கிராமங்களில், நகரத்தில் நோயுற்று, சாவதற்காக ஊர் திரும்பியவர்களைப் பதிவேடுகளே காட்டிக்கொடுத்தன. திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டால் மக்களும் சலித்துப்போவார்கள். அவர்கள் தந்த நேரத்துக்கும் அந்தரங்கத்துக்கும் ஈடாக, கண்டறிந்ததை அவர்களிடமே கொண்டுபோய்ச் சொல்வதும், அதிகாரிகளின் கதவைத் தட்டுவதும் ஆய்வாளர்களின் கடமை.

2012-இல் நைரோபியின் குடிசைப்பகுதிகளை மறுபடியும் ஆராய்ந்தபோது, ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு ஆயிரத்துக்கு 80 ஆகக் குறைந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது பெரிய முன்னேற்றம். அப்படியும் பிறக்கும் ஒவ்வோர் ஆயிரத்திலும் எண்பது குழந்தைகளின் இழப்பு அது. நகரச் சராசரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இறக்கமும் தெரிந்திருக்காது, மிச்சமிருப்பதும் தெரிந்திருக்காது. புர்கினா பாசோவின் தலைநகர் வாகடூகுவில் 2008-இல் தொடங்கிய கணக்கெடுப்பு ஒரு படி மேலே போனது. அங்கே அரசு அங்கீகரித்த குடியிருப்புகள் இரண்டையும் அங்கீகாரமற்றவை மூன்றையும் முதலிலிருந்தே ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் இடையிலான இடைவெளியை அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அளக்க முடிந்தது.