அசேலியாக் குறுமரத்துக்கு ஏற்ற மண்

ஹோட்டன் சமவெளியில் செந்நிறப் பூப்பூக்கும் ரொடொடென்ட்ரன் மரம் இலைமட்கு மிகுந்த புளிப்பு மண்ணில் வளர்வது. அசேலியாவும் அப்பேரினத்தைச் சேர்ந்ததே. கொழும்பின் வெப்பத்தில் மலைநாட்டுப் பூச்செறிவை எதிர்பார்த்தல் வீண். ஆயினும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில், நண்பகல் வெயில் படாத இடத்தில், தட்டைத் தொட்டியிற் குறுமரமாக இதனை வளர்க்க விரும்புவோர் முதலிற் கவனிக்கவேண்டியது மண்ணையே.

நெல்லுக்கு நீரைத் தேக்கித் தரும் வயற்சேறு மயிரிழை போன்ற இவ்வேர்களை அழுகச் செய்யும். கடற்கரை மணலிற் சிப்பித்துகள் உண்டு. அது சுண்ணாம்பாதலால் வேர் இரும்புச்சத்தைப் பெறமாட்டாது. இளந்தளிரின் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளிக்கும். கத்தரிக்கு இடும் அடுப்புச் சாம்பலும் ஆகாது.

ஜப்பானியர் கனுமா என்னும் எரிமலை மண்ணைக் கையாளுவர். இங்கு தூசி சலித்தகற்றிய செம்பூரான்கற் சல்லி இரு பங்கு, உப்பு நீங்கப் பலமுறை அலசிய தும்புத்தூள் ஒரு பங்கு, இலைமட்கு ஒரு பங்கு கலத்தல் தகும். ஊற்றிய நீர் மேலே தேங்கி நின்றால் சல்லியைக் கூட்டுக.