பழைய பந்தய சைக்கிளைக் கட்டியது யார்?

இங்கிலாந்தில் ஒரு முதியவர் காலமாகிறார். பிள்ளைகள் வந்து வீட்டைக் காலி செய்கிறார்கள். தோட்டத்துக் கொட்டகையில், புல் வெட்டும் யந்திரத்துக்குப் பின்னால், ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. டயர் இற்றுப்போய்விட்டது. செயின் துருப்பிடித்து ஒரே கட்டியாகிவிட்டது. வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை யாரோ அதன் மேலும் பூசியிருக்கிறார்கள். கம்பெனிப் பெயரைக் காணோம்.

அந்த நாட்டில் இது அடிக்கடி நடக்கிற சங்கதி. பழைய இரும்புக்குப் போட்டால் சில்லறைதான் கிடைக்கும். ஆனால் விஷயம் தெரிந்தவர் ஒருவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் கதையே மாறிவிடக்கூடும்!

1930 முதல் 1980 வரையிலான காலத்தில் லண்டன், பாரிஸ், மிலான் முதலிய நகரங்களில் சிறு சிறு பட்டறைகள் இருந்தன. இரண்டு மூன்று பேர்தான் வேலை செய்வார்கள். அங்கே கையால் கட்டிய உருக்குப் பந்தய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, மறுபடி ரோட்டில் ஓட்டுவதற்கு இன்று ஒரு கூட்டமே இருக்கிறது. நல்ல பட்டறையில் பிறந்தது என்று தெரிந்தால் விலை பல மடங்கு ஏறும். விலை ஏறினால் போலியும் வரும் அல்லவா?

ஆகவே முதல் கேள்வி, 'இதைக் கட்டியது யார்?' என்பதுதான்.

நகத்தின் கனம்!

பட்டறை வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் துப்புத் துலக்க முடியும். வாடிக்கைக்காரரின் கால் நீளம், கை நீளம் ஆகியவற்றை அளந்து, அதற்கேற்பக் குழாய்களை வெட்டுவார்கள். ஒரு குழாயின் வாய் இன்னொரு குழாயின் வளைவில் சரியாக உட்காரும்வரை அரத்தால் ராவுவார்கள். குழாய்கள் கூடும் இடத்தில் 'லக்' என்ற உருக்குக் கூட்டை மாட்டி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பித்தளையை உருக்கி உள்ளே ஓடவிடுவார்கள். சூடு குறைந்தால் பித்தளை ஓடாது. கூடினால் குழாய் கெட்டுவிடும். வேலைக்காரரின் கண்தான் அங்கே அளவுகோல்.

குழாயும் சாதாரணக் குழாய் அல்ல. பர்மிங்ஹாம் ரெனால்ட்ஸ் கம்பெனி 1935-ல் '531' என்ற குழாயை வெளியிட்டது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த உருக்கு அது. பற்று வைக்கும் இரு முனைகளிலும் கனமாகவும், நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். நடுப்பகுதியின் கனம் ஏறத்தாழ அரை மில்லி மீட்டர். கட்டைவிரல் நகத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் ஒரு மனிதன் ஏறி மலையிலிருந்து இறங்குகிறான்!

அந்த ரெனால்ட்ஸ் கம்பெனி 1928 முதல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரிய குழுமத்தில் சேர்ந்திருந்தது. அதே குழுமம்தான் 1949-ல் முருகப்பா குடும்பத்தாருடன் கூட்டுச் சேர்ந்து அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலையை ஆரம்பித்தது. பால்காரரும் தபால்காரரும் மிதித்த நம் ஊர் ஹெர்குலிசுக்கு, இந்த 531 பந்தய சைக்கிள் ஒருவகையில் ஒன்றுவிட்ட சகோதரன்.

வளைந்த வால்

சில சைக்கிள்களை எட்டி நின்று பார்த்தாலே அடையாளம் தெரியும். லண்டன் டாட்டன்ஹாம் பகுதியில் ஹைமன் ஹெட்சின் என்பவர் கடை வைத்திருந்தார். ரஷ்யாவிலிருந்து குடியேறியவர். முதலில் கிராமபோன் வியாபாரம், பிறகு சைக்கிள். ஜாக் டென்னி என்ற கைதேர்ந்த தொழிலாளி அவருடன் சேர்ந்தார். ஹெட்சின்ஸ் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாங்கும் கம்பிகள் நேராக இல்லாமல் பாம்புபோல் நெளிந்திருக்கும். லக்குகளில் கோயில் கதவுச் சித்திர வேலைபோல் நுணுக்கமான செதுக்கல். பிராட்போர்டில் பெயின்ஸ் பட்டறை கட்டிய 'பறக்கும் கேட்' சைக்கிளின் சீட் குழாயோ செங்குத்தாக நிற்கும்.

வளைந்த கம்பி குலுக்கலைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். இங்கிலாந்தின் சைக்கிள் வட்டாரத்தில் வேறொரு காரணமும் சொல்வார்கள். அமெச்சூர் பந்தயக்காரர் ஓட்டும் சைக்கிளில் கம்பெனிப் பெயர் புகைப்படத்தில் தெரியக் கூடாது என்று அக்காலத்தில் கட்டுப்பாடு இருந்ததாம். பெயரை மறைத்தால் என்ன, உருவத்தை மறைக்க முடியுமா? பெயரைப் படிக்காமலே பட்டறை தெரியும்படி சைக்கிளைக் கட்டிவிட்டார்கள்! வியாபாரிக்கு மூளை எங்கே வேலை செய்யும் என்பதைப் பார்த்தால் இரண்டாவது காரணத்தை ஒதுக்கிவிட முடியவில்லை.

வர்ணம் சொன்ன பொய்

எல்லா சைக்கிளுக்கும் வால் வளைந்திருக்காதே! மற்றவற்றில்தான் தகராறு.

பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ், 1972 அக்டோபர் 25-ந் தேதி மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோ மீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். அவர் ஓட்டிய சைக்கிளில் 'விண்ட்சர்' என்ற மெக்சிகோ கம்பெனியின் பெயர் இருந்தது. கட்டியவரோ இத்தாலியின் எர்னஸ்டோ கோல்னாகோ! மிலான் நகரின் விகொரெல்லி பந்தய மைதானத்திலேயே பட்டறை வைத்திருந்த ஃபலியெரோ மாசியிடமும் பெரிய வீரர்கள் ரகசியமாக வந்து சைக்கிள் கட்டிக்கொண்டு போனார்கள். அதன் மேல் அவரவர் அணிக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் வர்ணத்தைப் பூசிக்கொண்டார்கள்.

அசலே இப்படிப் பொய் சொல்லும்போது போலிக்குக் கேட்க வேண்டுமா? பழைய பெயர்ப் படங்களை அச்சு அசலாக இன்று அச்சிட்டு விற்கிறார்கள். யோக்கியமாகப் பழுது பார்ப்பவருக்கு அது பெரிய உதவி. யோக்கியம் இல்லாதவருக்கும் அதே உதவிதான்.

பல்லைப் பிடித்துப் பார்க்கும் வித்தை

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சைக்கிள் நிபுணர் சீட்டைக் கழற்றி, சீட் குழாயின் உள் வாயை அளக்கிறார். 27.2 மில்லி மீட்டர் தண்டு சரியாக நுழைந்தால் மெல்லிய, உயர்ந்த ரகக் குழாய் என்று ஊகிக்கலாம். 26-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கனமான மலிவுக் குழாய்தான். மேலே எவ்வளவு பெரிய பெயர் ஒட்டியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அடுத்தது, பெடல் அச்சு ஓடும் குழாயின் புரி. இத்தாலியப் புரிக்கு விட்டம் 36 மில்லி மீட்டர். இரு பக்கமும் வலப்புரி. ஆங்கிலப் புரி 35-க்குச் சற்றுக் குறைவு. செயின் பக்கம் இடப்புரி. பிரெஞ்சுக்காரர்களுக்கு 35. சைக்கிள் எந்த நாட்டுப் பிறப்பு என்பதைப் புரி சொல்லிவிடும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலப் புரி தேய்ந்துபோனால், குடைந்து பெரிதாக்கி இத்தாலியப் புரி போடுவது பழுது பார்ப்பவர்களின் வழக்கம். மற்ற அடையாளங்களுடன் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் ஏமாறுவார்கள்.

பாகங்களிலும் தேதி உண்டு. ஸ்டர்மி ஆர்ச்சர் பின்சக்கரக் குடத்தில் தயாரித்த வருஷமும் மாதமும் குத்தியிருப்பார்கள். காம்பக்னோலோ கியர் மாற்றியில் 'பேட்டன்ட் 73' என்றிருந்தால் அது 1973-ல் செய்தது. ஆனால் சக்கரத்தையும் கியரையும் யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். பிரேமையும் முன் போர்க்கையும் கவனிப்பதே முக்கியம். ஆங்கிலப் பட்டறைகள் பலவற்றில், பிரேமில் குத்திய எண்ணையே போர்க்கின் தண்டிலும் குத்துவார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்க் மாறவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். வேறாக இருந்தால், எப்போதோ நேருக்கு நேர் மோதிய சைக்கிளாக இருக்கக்கூடும். கீழ்க்குழாயின் அடியில், போர்க்குக்குப் பக்கத்தில், சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

அவசரம் வேண்டாம்

அலுமினியத் தண்டு உருக்குக் குழாய்க்குள் பல வருஷம் அசையாமல் கிடந்தால் ஒன்றோடொன்று இறுகிவிடும். முரட்டுத்தனமாக முறுக்கினால் தண்டு வராது, குழாய்தான் கிழியும். துரு எண்ணெய் விட்டு, நாட்கணக்கில் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். ஒன்றுக்கும் மசியாவிட்டால், தண்டை உள்ளுக்குள்ளேயே அறுத்து எடுப்பார்கள். பொறுமைசாலிகளுக்கே ஏற்ற வேலை.

அதைவிடப் பெரிய சங்கடம் வர்ணம். துருவும் கீறலுமாக இருக்கும் பிரேமை மணலடித்துச் சுரண்டி, புது வர்ணம் பூசினால் பளபளவென்று இருக்கும். ஆனால் அரை மில்லி மீட்டர் குழாயில் முரட்டு மணலை அடித்தால் உருக்கும் சேர்ந்து போகும். போவது அது மட்டுமல்ல. பட்டறைக்காரர் லக்கின் ஓரத்தில் தூரிகையால் இழுத்த தங்கக் கோடும், பழைய பெயரின் நிழலும் போய்விடும். கட்டியவர் யார் என்பதற்குச் சாட்சி அவைதான். சாட்சியைச் சுரண்டிவிட்டுப் பிறகு 'இது இன்னார் கட்டியது' என்றால் வாங்குகிறவர் எதை வைத்து நம்புவார்?

ஆகவே கெட்டிக்காரர்கள் முதலில் மறைவான ஓர் இடத்தில் பஞ்சால் துடைத்துப் பார்க்கிறார்கள். பட்டறை வர்ணம் சூளையில் சுட்டது, கெட்டியானது. பிற்காலத்தில் பூசிய வீட்டுப் பெயிண்ட் இளகிக் கரைந்தாலும் அடி வர்ணம் பல சமயம் தாக்குப்பிடிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த தூள் பறக்கத் தேய்ப்பதில்லை. ஒரு சைக்கிளுக்கு இந்தத் துடைப்பு வேலை மட்டும் வாரக்கணக்கில் போகும். துரு உள்ளே இறங்கி, வர்ணம் முழுவதும் உதிர்ந்துவிட்டதென்றால் வேறு வழியில்லை, புது வர்ணம்தான். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்துவைப்பது நியாயம்.

எந்த எண் எந்த வருஷம், யாருக்காகக் கட்டியது என்பது பட்டறைப் பேரேட்டில் இருந்தது. பட்டறைகள் மூடியபோது பல பேரேடுகள் குப்பைக்குப் போயின. இங்கிலாந்தில் 1955-ல் ஆரம்பித்த பழைய சைக்கிள் சங்கத்தில், ஒவ்வொரு பட்டறைக்கும் ஈடுபாடுள்ள ஓர் அங்கத்தினர் இருக்கிறார். தப்பிப் பிழைத்த சைக்கிள்களின் எண்களைச் சேகரித்து, பட்டியல் போட்டு, கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்கிறார். அந்தப் பச்சைப் பெயிண்ட் சைக்கிளிலும் ஓர் எண் இருக்கக்கூடும். பெடல் அச்சுக் குழாயின் அடியில், சேறு அப்பிக் காய்ந்து கிடக்கும் இடத்தில் பார்க்க வேண்டும்.